யாருக்கு அண்ணன்மார்?

திரையில் ஓர் இளவரசியைப் பார்க்கும் பிள்ளை முதலில் கேட்பது அவள் பெயரை. அடுத்து, அவள் யார் வீட்டுப் பெண், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பிறக்கும்போதே இளவரசியா என்று கேள்விகள் நீளும். வளர்ந்த ரசிகர்களும் இதே கேள்விகளைத்தான் விடாமல் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. தூங்கும் அழகியின் கதையை 1697இல் பிரெஞ்சு மொழியில் அச்சேற்றிய சார்ல் பெரோ, தன் இளவரசிக்குப் பெயரே வைக்கவில்லை. வைகறை என்று பொருள்படும் 'அரோரா' அவர் கதையில் அவளுடைய மகளின் பெயர். 1890இல் சைகோவ்ஸ்கியின் இசையோடு அரங்கேறிய பாலே நாட்டியம் மகளின் பெயரை எடுத்துத் தாய்க்குச் சூட்டியது. 1959இல் டிஸ்னி படம் அதை அரண்மனைப் பெயராக வைத்துக்கொண்டு, காட்டில் ஒளித்து வளர்த்த காலத்துக்கு முட்ரோஜா என்ற பொருளில் வேறொரு பெயரைத் தந்தது. கிரிம் சகோதரர்களிடம் எளிய குடும்பத்துப் பெண்ணாக இருந்த ரப்புன்ஸெல், 2010இல் அனிமேஷனாக வந்தபோது அரசன் மகளாகிவிட்டாள். ஓர் இளவரசியின் பெயரும் பிறப்பும் மாறுகிற இடத்தில், கதையை அப்போது சொன்னவர் யார், யாருக்காகச் சொன்னார் என்பது வெளியே தெரிந்துவிடுகிறது.

இந்த இளவரசிகள் திருப்பூருக்குப் புதியவர்கள் அல்லர். வெளிநாட்டுக் குழந்தைகளுக்காகத் தைக்கப்படும் பனியன்களின் நெஞ்சில் கார்ட்டூன் முகங்களைப் பதிப்பது இங்குள்ள பிரிண்டிங் பட்டறைகளின் அன்றாட வேலை. ஆனால் இதே மாவட்டத்திலிருந்து ஓர் இளவரசி அனிமேஷன் திரைக்குப் போயிருக்கிறாள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையின் தங்கைதான் அவள். காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1960களின் நடுவில் தங்கி ஆய்வு செய்த கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் இ.சி. ராமசாமி என்ற பாடகர் 18 இரவுகள் பாடிய முழுக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அந்தப் பதிவே, ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்ற தமிழ் ஓவியரின் கைவண்ணத்தில், 'பொன்னிவளநாட்டின் கதை' என 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராயிற்று. ஓலப்பாளையம் அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது காங்கேயமும் தாராபுரமும் இதற்குள் வந்தன. ஆக, திருப்பூரின் மண்ணில் பதிவான ஒரு கதையின் பெண்ணைப் பற்றி, உலகத்து இளவரசிகளிடம் கேட்கும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அவள் பெயர் என்ன? அவள் குடும்பம் எது? அவள் யார்? இதுவரை இந்தக் கதையைப் பதிப்பித்தவர்கள், ஆராய்ந்தவர்கள், புதினமாகவும் படமாகவும் ஆக்கியவர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால், மூன்றும் ஒரே விடையில் போய் முடிவதைக் காண முடிகிறது. கதை அண்ணன்மாருடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தங்கையின் இடத்திலிருந்து சொல்லப்பட்ட கதை.

பெயரில் தொடங்குவோம். ராமசாமியின் பாட்டிலும் அதிலிருந்து வந்த அனிமேஷனிலும் அவள் 'தங்காள்'. கோயில் வழக்கிலும் அச்சுப் பாடங்களிலும் 'அருக்காணி', 'அருக்காணித் தங்காள்', 'நல்லதங்காள்' என்றெல்லாம் வருகிறாள். கலைஞர் மு. கருணாநிதி குங்குமம் இதழில் எழுதிய 'பொன்னர் சங்கர்' தொடரிலும், தியாகராஜன் இயக்கி 2011இல் வெளிவந்த அதே பெயர்ப் படத்திலும் அருக்காணி என்ற பெயரே முன்னுக்கு வந்தது. படத்தில் அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் ஸ்நேகா. அருக்காணி என்றால் அருமை, கிடைத்தற்கரியது. கொங்குப் பகுதியில் ஒரு தலைமுறைக்கு முன்வரை பெண் குழந்தைகளுக்குத் தாராளமாக இட்ட பெயர். பிற்காலத் திரைப்படங்கள் அதைப் பட்டிக்காட்டுப் பெண்ணைக் கேலி செய்யும் பெயராக்கியது வருத்தமான வரலாறு. ஒரு தெய்வத்தின் பெயர் அது என்பதை அந்தக் கேலிக்குச் சிரித்தவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

நல்லதங்காள் என்ற பெயர் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. பஞ்ச காலத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரியால் விரட்டப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களாகவும் நாடகமாகவும் படமாகவும் ஊர் ஊராகப் போன கதை அது. தாராபுரம் பக்கத்தில் நல்லதங்காள் ஓடை என்றே ஓர் ஓடையும் அதன் மேல் ஓர் அணையும் உண்டு. இவளும் அவளும் ஒருத்தியா என்ற கேள்வி அதனால் அடிக்கடி எழுகிறது. இல்லை. அவள் மணமாகிப் பிள்ளை பெற்றவள், அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாகத் திரும்பி வந்தவள். இவள் மணமாகாதவள், அந்த வீட்டை விட்டுப் போகாதவள். ஆனாலும் பெயர் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு கதைகளுமே அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே நிற்கும் கதைகள். இரண்டிலும் அண்ணிமார் மறுபக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டிலும் பெண்ணின் பெயர், உறவு மாத்திரமே. 'நல்ல தங்கை' என்பதைப் பெயர் என்பதைவிடச் சான்றிதழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொங்கு நாட்டுப் பாடகனின் வாயில் அடைமொழிகள் உதிர்ந்து எஞ்சுவது தங்காள் என்ற ஒற்றைச் சொல். அக்காள் என்பது போல இதுவும் முறைச்சொல். எதிர்ப் பக்கத்தில், காட்டை ஆளும் வேட்டுவர்களின் தங்கையும் பெக் பதிவில் வீரத்தங்காள். கொம்பன் என்ற காட்டுப் பன்றியைச் செல்லமாக வளர்த்தவள். உழவர் பக்கம் ஒரு தங்கை, வேட்டுவர் பக்கம் ஒரு தங்கை. இப்போது ஆண்களின் பெயர்களைப் பாருங்கள். பொன்னர், சங்கர் என்று ஏட்டிலும் திரையிலும் பெயர் பெற்றவர்களைப் பக்தர்களும் பாடகர்களும் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கிறார்கள். கோயில் அண்ணமார் கோயில், சாமி அண்ணமார் சாமி, கதை அண்ணன்மார் கதை. அண்ணன் என்பதும் முறைச்சொல்தான். முறைச்சொல்லுக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு. தங்கை இல்லாமல் அண்ணன் இல்லை. பெரியவரைச் சின்னவர் அண்ணன் என்று அழைக்கலாம். ஆனால் சின்னவரைச் சின்னண்ணன் என்று அழைக்கக் கதைக்குள் ஒருத்தியால்தான் முடியும். தலைப்பைச் சொல்லும் வாய் அவளுடையது.

பக்தர்கள் எல்லோரும் மரியாதையாக அண்ணன் என்கிறார்கள், இதில் தங்கையின் பார்வை எங்கே வந்தது என்று மறுக்கலாம். கொங்கில் அண்ணன் என்பது வயதில் மூத்த எந்த ஆணுக்கும் பொதுவான விளி. பேருந்து நடத்துநரும் அண்ணன், கம்பெனியில் கட்டிங் மாஸ்டரும் அண்ணன். மறுப்பு சரியானதுதான். ஆனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை. வேறு காவல் தெய்வங்களை இதே மக்கள் அப்பன், அய்யன், முனி என்று அழைக்கிறார்கள். அந்த வாய்ப்புகள் எல்லாம் கையில் இருக்கும்போது இவ்விருவரை மட்டும் ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும் அண்ணன்மார் என்று அழைத்தால், கும்பிடுகிற ஒவ்வொருவரும் கொஞ்ச நேரத்துக்குத் தங்கையின் இடத்தில் போய் நிற்கிறார்கள் என்றே பொருள்.

குடும்பம் என்ற இரண்டாவது கேள்விக்குக் கதை இன்னும் சிக்கலான விடை தருகிறது. கொங்கில் ஒருவரின் குடும்பத்தை அறிய விரும்பினால் எந்தக் கூட்டம் என்று கேட்பார்கள். வேளாளக் கவுண்டர்களின் குலப் பிரிவுக்குக் கூட்டம் என்று பெயர். தங்காளின் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை தடுமாறும். அப்பா குன்றுடையான், பிள்ளையில்லாத தம்பதிக்குக் கற்குவியலின் அடியில் சிவன் அருளால் கிடைத்த குழந்தை. பங்காளிகள் அவரை உரிமையுள்ள வாரிசாக ஏற்கவே மறுக்கிறார்கள். அம்மா தாமரையும் அப்படியே, பெக் பதிவில் தாமரைப் பூவில் கண்டெடுக்கப்பட்டவள். பெற்றெடுத்த வயிறு அவளுக்கும் இல்லை. தாமரைக்கும் வயிறு திறக்காமல் போக, ஆண்டுக் கணக்காகத் தவம் கிடந்து மூன்று பிள்ளைகளைச் சிவனிடம் வரமாகப் பெறுகிறாள். சில பாடங்களில் பாண்டவர்களின் உயிரும் திரௌபதியின் உயிரும் இந்தப் பிள்ளைகளாகப் பிறக்கின்றன. தங்காளைக் கன்னிமார் எழுவரில் இளையவளாகச் சொல்லும் மரபும் உண்டு. இந்தியக் காவிய மரபுகளை ஒப்பிட்டு 1999இல் நூல் எழுதிய ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்தத் திரௌபதித் தொடர்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இங்கே கதை செய்யும் ஒரு காரியத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடப் பங்காளிகள் சதி செய்திருக்கிறார்கள். அதனால் ஆண் குழந்தைகள் இருவரும் யாருக்கும் தெரியாமல் பிறந்து, செல்லாத்தா தெய்வத்தின் காவலில் நிலத்துக்கு அடியில் வளர்கிறார்கள். ஊர் அறியப் பிறந்தது பெண் குழந்தை ஒன்றே. அந்த வீட்டுக்குப் பல ஆண்டுகள் அவள்தான் ஒரே பிள்ளை. பிறப்பு மறைக்கப்பட்டு, அடையாளம் ஒளித்து வளர்க்கப்பட்டு, பிறகு வீடு திரும்புவது தேவதைக் கதைகளில் வழக்கமாக இளவரசிக்கு வருகிற விதி. தூங்கும் அழகியின் படத்தில் அது அரோராவுக்கு நேர்ந்தது. கொங்குக் கதை அந்த விதியை வீரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் வளரும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்திருக்கிறது. மூவரும் ஒரே பேற்றில் பிறந்தவர்கள் என்பதால்தான் பெக் தன் 1982ஆம் ஆண்டு நூலுக்கு 'மூன்று இரட்டையர்' என்ற பொருளில் தலைப்பிட்டார். இரட்டையரில் மூவர் எப்படி என்று கேட்கத் தூண்டும் அந்தத் தலைப்பு, அவளை எண்ணாமல் விட முடியாது என்பதை நூலின் அட்டையிலேயே சொல்லிவிடுகிறது.

மேலும் ஒன்று. கொங்குப் பெண் மணமானால் கணவனின் கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். உலகத்து இளவரசிக் கதைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில், கல்யாணத்தில், முடிகின்றன. தங்காள் மணம் செய்துகொள்வதில்லை. அண்ணன்மாருக்குக் கல்யாணம் நடக்கிறது; பவளாயி, முத்தாயி என்ற மணப்பெண்கள் வீட்டுக்கு வருகிறார்கள்; ஆனால் அவர்களோடு இல்லறம் நடப்பதில்லை, தனி மாளிகையில் வைக்கப்படுகிறார்கள். பவளமும் முத்துமாக அழகான சொந்தப் பெயர் பெற்ற இருவருக்குக் கதையில் இடமில்லை. முறைச்சொல்லையே பெயராகக் கொண்டவளிடம் கதையின் சாவி இருக்கிறது. தமிழ் நாட்டார் கதைகளில் ஒரு பெண்ணைச் சுற்றி அப்பன், உடன்பிறந்தான், கணவன், மகன் ஆகியோர் நிற்கும் உறவுக் கரு ஒன்று உண்டு என்று பெக் 1974இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். தங்காளின் கதையில் அந்தக் கருவிலிருந்து கணவனும் மகனும் விலக்கப்பட்டு, உடன்பிறப்பு மட்டும் முழுப் பலத்தோடு நிற்கிறது. இது பாடகரின் கற்பனை மாத்திரம் அன்று. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்ற சடங்கு இன்றும் நடக்கிறது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் இணைச்சீர்க்காரியாக அவன் பக்கத்தில் நிற்க, ஒரு சேலை இருவரையும் சேர்க்கிறது. மணமேடைக்குப் போகும் முன், இவன் ஒருத்திக்கு அண்ணனோ தம்பியோ என்பதை ஒரு துணியால் ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

இனி, அவள் யார் என்ற கேள்வி. இங்கேதான் வலுவான மறுப்பு எழும். உழுவதும் போரிடுவதும் பன்றியை வேட்டையாடுவதும் அண்ணன்மார்; தங்காள் ஊஞ்சலில் இருந்தபடி கிளி கேட்டவள், அந்த ஆசையால் பகை மூண்டு அழிவு வந்தது, அவள் துணைப் பாத்திரந்தானே என்பார்கள். புதினமும் படமும் பெரும்பாலும் இப்படித்தான் அவளை வைத்தன. கருணாநிதி கதையின் தெய்வ அற்புதங்களைக் குறைத்து, அதைக் கொங்கு நாட்டு வீர வரலாறாக எழுத விரும்பினார். அது அவருடைய கொள்கைக்கு இசைந்த தேர்வு, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அற்புதங்கள் குறைந்தபோது தங்காளும் குறைந்துபோனாள், ஏனெனில் கதையின் அற்புதங்களில் பெரும்பங்கு அவளிடம்தான் இருந்தது. படத்தில் பிரசாந்த் இரட்டை வேடத்தில் திரையை நிறைத்தபோது மூன்றாம் பிறப்புக்கு மிஞ்சிய இடம் கொஞ்சமே.

பாடப்படும் கதையில் நிலைமை வேறு. வரப்போவதைக் கனவில் முன்கூட்டிக் காண்பவள் தங்காள். அண்ணன்மார் மாண்ட பின், அண்ணிமாரோடு அரண்மனையை நெருப்புக்கு இரையாக்குகிறாள். கேட்பவரை நடுங்க வைக்கும் இந்த இடத்தைப் பாடகர்கள் மழுப்புவதில்லை, நாமும் மழுப்பக் கூடாது. பிறகு தன்னந்தனியாகக் காட்டுக்குள் நடந்து, அழுது, தேடி, அண்ணன்மாரின் உடல்களைக் கண்டடைந்து, சற்று நேரத்துக்கு அவர்களை உயிர்ப்பித்துப் பேசுகிறாள். போர்க் கதையின் கடைசிப் பகுதி முழுவதும் அவள் கால்களின் மேல் நடக்கிறது. வீரர்கள் செத்த பிறகும் கதை முடியாமல் நீள்வதற்கு அவள் இருப்பதே காரணம். துணைப் பாத்திரத்துக்கு எந்தக் கதையும் இத்தகைய முடிவைத் தருவதில்லை.

அனிமேஷன் தொடரைப் பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. வெளிநாட்டு அறிஞர் தயாரித்தது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும் என்று சுருக்கியது, அதை வைத்து மரபைப் பேசலாமா என்பது. 18 இரவுகளைப் 13 மணி நேரத்துக்குள் அடக்கினால் இழப்பு இருக்கத்தான் செய்யும். பாடகரின் வசன நடையும் உடுக்கையின் ஏற்ற இறக்கமும் அரை மணி நேரப் பகுதிகளுக்குள் முழுதாக வந்துசேரா. ஆனால் பெயர் விஷயத்தில் மற்ற எல்லா வடிவங்களையும்விட அத்தொடர் மரபுக்கு நெருக்கமாக நிற்கிறது. அது அவளை அருக்காணி ஆக்கவில்லை, புதுப் பெயரும் சூட்டவில்லை. ஓலப்பாளையத்தில் ராமசாமி அழைத்தபடியே தங்காள் என்று விட்டுவைத்தது. டிஸ்னி வழியில் போயிருந்தால் உச்சரிக்க எளிதான ஒரு பெயரைக் கண்டுபிடித்திருப்பார்கள். அதைச் செய்யாதது பெரிய நேர்மை. அச்சு மரபும் இதற்குத் துணை நிற்கிறது. கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்த பிச்சைப் பட்டன் ஏட்டுப் பாடமும், 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்ட பெக்கின் தமிழ்–ஆங்கிலப் பதிப்பும் இரு வேறு கிளைகள். நிகழ்ச்சிகள் விலகும் இடங்கள் பல உண்டு. தலைப்பில் அண்ணன்மார் என்ற சொல் மட்டும் விலகவில்லை.

கதை எந்தச் சாதிக்கு உரியது, வேட்டுவரை இப்படிக் காட்டலாமா, அண்ணன்மாருக்குத் துணை நின்ற சாம்புவனின் இடம் என்ன என்ற விவாதங்கள் கொங்கில் கூர்மையானவை, நியாயமானவையும்கூட. வேட்டுவர் தரப்பில் பாடினால் இதே கதைக்கு வேறு வீரர்கள் கிடைப்பார்கள். ஆனால் அந்த விவாதங்கள் எல்லாம் அண்ணன்மார் எந்தக் குலம் என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே சுற்றுகின்றன. தங்கையிடமிருந்து தொடங்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. கற்குவியலில் கிடைத்த அப்பனுக்கும் பூவில் கிடைத்த அம்மாவுக்கும் வரமாக வந்தவளிடம் குலப் பெருமைக்கு ஆதாரம் தேடுவது கடினம். எதிர்ப் பக்கத்திலும் அவளைப் போலவே ஒரு தங்கை, தன் உடன்பிறந்தாரோடு நிற்கிறாள்.

மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்கு நாட்டின் அண்ணமார் கோயில்கள் பலவற்றிலும், படுகளம் என்ற சடங்கு நடக்கிறது. சாமி வந்த ஆண்கள் போர்க்களத்தில் மாண்டவர்களாகத் தரையில் விழுந்து அசையாமல் கிடப்பார்கள். உடுக்கை ஒலியும் அழுகைப் பாட்டும் தொடர, கிடப்பவர்கள் எழுப்பப்படுவார்கள். அந்தப் பாட்டு தங்காளின் ஒப்பாரி. பாடுபவர் பெரும்பாலும் ஆண். விழுந்து கிடப்பவர்களும் ஆண்கள். கூட்டத்தில் திருப்பூரில் ஷிப்ட் முடித்து வந்த இளைஞர்களும் இருப்பார்கள். பாடகர் தன் குரலை அவளுக்குக் கொடுத்து அண்ணா என்று கூப்பிடும்போது, கீழே கிடப்பவர்கள் கண் திறக்கிறார்கள்.